விதையில்லாச் சவுக்கு

மீஞ்சூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவன அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், காட்டுப்பள்ளியில் 2010இல் இயங்கத் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும், அதற்கு அடுத்துள்ள துறைமுகமுமே. சமய ஈடுபாடு உடையோர் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசப் பெருமாள் கோயிலையும் வைத்து இவ்வூரை வடகாஞ்சி என்பர். இவ்விரண்டு அடையாளங்களுக்கும் நடுவே, வரலாற்றாசிரியர் எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத மூன்றாவது அடையாளம் ஒன்று இப்பகுதிக்கு உண்டு. எண்ணூர்க் கழிமுகம் முதல் பழவேற்காட்டு ஏரி வரை நீளும் மணல்மேடுகளிலும், அவற்றின் மேற்கே பொன்னேரி வரை விரியும் வயல்களுக்கு இடையிலும் நிற்கும் சவுக்குத் தோப்புகளே அது. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அந்த மரத்தையும், நோய்க்கு எதிராக அதற்கு வாய்த்த ஒரு கலப்பின உறவையும் பற்றி.

தமிழ் வாசகருக்குச் சவுக்கு அந்நியமான மரமன்று. கடற்கரையைக் காட்டும் கதைகளில் அது தவறாமல் ஓலமிடுகிறது; திரைப்படங்களிலோ காதலும் கொலையும் ஏறக்குறைய சம அளவில் சவுக்குத் தோப்பில்தான் நிகழ்கின்றன. ஆயினும் அது வந்து சேர்ந்த மரம். ஆஸ்திரேலியாவின் வடகரையும் பசிபிக் தீவுகளும் தென்கிழக்காசியக் கடலோரமும் அதன் தாயகம். இன்றைய இந்திய எல்லைக்குள் அது இயற்கையாகக் காணப்படுவது அந்தமான் தீவுகளில். சங்கப் பாடலில் நெய்தல் நிலத்துக்குரிய மரம் புன்னை, ஞாழல், தாழை என விரியுமே தவிர, சவுக்கை அங்குத் தேடுவது வீண். சாட்டையைக் குறிக்கும் சொல்லே இம்மரத்துக்கும் பெயராக வழங்குகிறது; காற்றில் அதன் கிளைகள் எழுப்பும் ஒலியைக் கேட்டவர்கள் அப்பெயரைப் பொருத்தமற்றது என்று சொல்லமாட்டார்கள். தாவரவியலாரோ வேறொன்றைக் கண்டனர். தொங்கும் அதன் நுண்கிளைகள் காசோவரிப் பறவையின் இறகுகளைப் போல் இருப்பதால், அப்பறவையின் மலாய்ப் பெயரையே எடுத்துக் காசுவரினா என்றார்கள்.

தென்னிந்தியாவில் இம்மரம் பெருமளவில் நடப்பட்டதற்கு அழகு காரணமன்று, விறகே காரணம். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் பொறுப்பேற்றார். இவ்விரண்டு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அக்காலத்து இரயில் எந்திரங்கள் இங்கே பெரும்பாலும் விறகை எரித்தே ஓடின. இருப்புப்பாதைக்கு அடியில் கிடத்தும் கட்டைக்கும் காடு. எந்திரத்தின் வயிற்றுக்கும் காடு. கரையோரக் குறுங்காடுகள் வேகமாகக் கரைந்தன. வெறும் மணலில் வளரக்கூடிய, ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டத்தக்க, வேறு எந்தப் பயிரோடும் நிலத்துக்குப் போட்டியிடாத ஒரு மரம் தேவைப்பட்டது. சோழமண்டலக் கரையின் மணலில் சவுக்கு வைத்து வளர்க்கும் வழக்கம் 1860களிலிருந்து அரசு முயற்சியாலும் நிலக்கிழார் முயற்சியாலும் பரவியது.

மீஞ்சூர்ப் பகுதிக்கு இதில் கிடைத்த வசதி அதன் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பின்னர் வடக்கே நீண்டு, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் அடையாற்றோடும் இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டு விறகும், நெல்லூர், பொன்னேரிப் பகுதிகளின் சவுக்குக் கட்டையும், உப்பும், கிளிஞ்சலும் படகில் ஏறி, கோலால் உந்தப்பட்டும் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்டும் பேசின் பாலம் வந்து சேர்ந்தன. சென்னை நகரம் ஒரு நூற்றாண்டுக் காலம் சோறு பொங்கியது பெருமளவுக்கு இந்தக் கால்வாயின் தயவால்தான். விறகுத் தொட்டி என்ற சொல் இன்று அகராதியில் ஒதுங்கிவிட்டது. தெருவுக்கொரு விறகுத் தொட்டியும், அதன் வாசலில் ஆளுயரத் தராசும் இருந்த காலம் ஒன்று உண்டு. கட்டை அடுப்புக்கு, மிலாறு அடுப்பு பற்றவைக்க, நேரான கழி கட்டடச் சாரத்துக்கும் பந்தல் காலுக்கும், பருத்த அடிமரம் சேற்று நிலத்தில் அடித்தளத்துக்கு அடியில் இறக்கும் முளைக்கு. உதிர்ந்த சருகைக்கூட விடாமல் பெண்கள் கூட்டிச் சேர்த்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். கழிவே இல்லாத மரம் என்று அதைச் சொல்லலாம்.

இந்த மரத்தின் உடலமைப்பைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். பார்வைக்கு ஊசியிலை மரம்போல் தோன்றினாலும் சவுக்கு பைன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, பூக்கும் தாவரம். நாம் இலை என்று எண்ணுவது பச்சையான நுண்கிளை. உண்மையான இலைகள் அந்தக் கிளையின் ஒவ்வொரு கணுவிலும் பற்கள்போலச் சுற்றி நிற்கும் சிறு செதில்களே. வேரிலுள்ள முடிச்சுகளில் ஃப்ராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்கு ஊட்டுகிறது. சோற்றுக்கு வழியில்லாத மணலில் சவுக்கு செழிப்பதன் இரகசியம் இதுதான். வறியவன் வீட்டில் ஒரு சம்பாதிக்கும் பிள்ளை இருப்பதுபோல.

இனி நோயைப் பற்றி.

தோப்பில் மூன்று நான்கு வயதான மரம் ஒன்று திடீரென வாடும். நுண்கிளைகள் பழுப்பேறும். அடிமரத்தின் பட்டையில் கொப்புளங்கள் எழும்பும். அவை வெடித்தால் உள்ளே அடுப்புக்கரி போன்ற கறுப்புப் பொடி. கையை வைத்தால் மை அப்பிக்கொள்ளும். பிறகு பட்டை உரிந்து, மரம் நின்றபடியே சாகும். அடுத்த மரத்துக்கும் அது தொற்றும். பட்டைக் கொப்புள நோய் எனப்படும் இதற்குக் காரணமான பூஞ்சைக்கு, இந்தியத் தாவர நோயியலின் முன்னோடியாகக் கருதப்படும் எட்வின் பட்லர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டிரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்று பெயரிட்டார். அந்தப் பொதுப்பெயர் பொருந்தாது என்று கண்டு, 2003இல் அதற்கென்றே ஒரு புதிய பேரினத்தை ஆய்வாளர்கள் வகுத்தனர். அதன் பெயர் சுப்பிரமணியனோஸ்போரா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய, உலகப் புகழ்பெற்ற பூஞ்சையியலாளர் சி. வி. சுப்பிரமணியன் (1924–2016) அவர்களைச் சிறப்பிக்கும் பெயர் அது. ஓர் அறிஞரை வாழும் காலத்தில் ஒரு கொள்ளைநோயின் பெயரால் போற்றுவது வேறு எந்தத் துறையிலும் வழக்கமில்லை. பூஞ்சையியலாளருக்கு அது பெருமை.

பூஞ்சை எல்லா மரங்களையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. நீர் கிடைக்காமல் தளர்ந்த மரங்களே முதலில் விழுகின்றன. இந்த இடத்தில் மீஞ்சூரின் பெயரை நாம் கவலையோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும் 1960களின் பிற்பாதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணற்றுப் புலங்களிலிருந்து நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. 1969லேயே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுவது கண்டறியப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அது கரையிலிருந்து பல கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. இந்தியாவில் கடல்நீர் உட்புகுதலைப் பற்றி எழுதும் எவரும் மீஞ்சூரை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. சவுக்கு உவரைத் தாங்கும் மரந்தான். நெல்லைவிடப் பலமடங்கு தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, தளராதிருப்பது வேறு.

ஒரு கேள்வி எழக்கூடும். இத்தனை பெரிய பரப்பில் வளரும் மரத்துக்கு இத்தகைய நோய் நூறாண்டுகளாக இருந்தும், அதைப் பற்றிய பேரச்சம் ஏன் எழவில்லை? பதில் எளியது. சவுக்கை யாரும் முதுமை வரை வைத்திருப்பதில்லை. நான்கு ஆண்டில் வெட்டு. நோய் தலைகாட்டினால் மூன்றாம் ஆண்டிலேயே வெட்டு. விலை குறையும், கடன் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவே. செத்த மரமும் விறகுதான் என்பது உழவரின் ஆறுதல். அறுவடையின் வேகமே நோய்க்கு மருந்தாகவும் நோயை மறைக்கும் திரையாகவும் இருந்தது.

இதற்கு நேர் எதிரான வரலாறு ஒன்றை நாம் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகச் சற்றே ஐரோப்பாவுக்குச் செல்வோம்.

ஆங்கில நாவல்களைப் படித்தவர்கள் எல்ம் மரத்தை அறிவார்கள். கிராமத்துப் பாதைகளின் இருமருங்கிலும், நகரத்துக் கால்வாய்க் கரைகளிலும், இடுகாட்டுச் சுவர்களை ஒட்டியும் நின்ற நெடுமரம் அது. அதை நட்டவன் தன் பேரனுக்காக நட்டான். முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஹாலந்து, பெல்ஜியம், பிரான்சு நாடுகளில் எல்ம் மரங்கள் கூட்டங்கூட்டமாக வாடத் தொடங்கின. போரில் பயன்படுத்திய நச்சுவாயுவே காரணம் என்றுகூடப் பேசப்பட்டது. ஹாலந்தில் பார்ன் என்னும் ஊரின் ஆய்வகத்தில், ஜொஹன்னா வெஸ்டர்டைக் அம்மையாரின் மாணவியான பியா ஷ்வார்ட்ஸ், 1921–22இல் உண்மையான காரணம் ஒரு பூஞ்சையே என்று எடுத்துக்காட்டினார். பட்டைவண்டுகள் அதைச் சுமந்து செல்கின்றன. பூஞ்சை நீர்க்குழாய்களுள் நுழைந்ததும் மரம் தன்னைக் காத்துக்கொள்ளவே அக்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. அடைத்த அடைப்பாலேயே தாகத்தில் சாகிறது. மூத்த அறிஞர்கள் பலர் இந்த இளம்பெண்ணை நம்பவில்லை. அதே ஆய்வகத்தின் கிறிஸ்டின் பௌஸ்மன் 1927இல் ஐயத்துக்கு இடமின்றி அதை நிறுவினார். கண்டுபிடித்த நாடு என்பதனாலேயே அந்நோய்க்கு டச்சு எல்ம் நோய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு!

அதன்பின் டச்சுக்காரர்கள் தொடங்கியது ஒரு நீண்ட தவம். பல்லாயிரக்கணக்கான எல்ம் நாற்றுகளுக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றி, பிழைத்தவற்றைப் பொறுக்கினார்கள். முதலில் தேறிய வகைக்கு, 1936இல் இளவயதிலேயே மறைந்த கிறிஸ்டின் பௌஸ்மனின் பெயர் சூட்டப்பட்டது. அது எல்ம் நோயைத் தாங்கியது. ஆனால் வேறொரு பூஞ்சைக்கு இரையாயிற்று. 1948இல் வந்த வகைக்குப் பியா ஷ்வார்ட்ஸின் பெயர். 1960இல் வெளிவந்த காமெலின் என்னும் கலப்பினந்தான் பெரும் நம்பிக்கையை ஊட்டியது, தெருத்தெருவாக நட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அதே நோயின் இன்னும் கொடிய வடிவம் ஒன்று வட அமெரிக்க மரக்கட்டைகளோடு கடல்கடந்து வந்தது. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம்கள் மடிந்தன. காமெலினும் தப்பவில்லை. பழைய எதிரிக்காகத் தீட்டிய வாள் புதிய எதிரியிடம் செல்லவில்லை. 1973இல் லோபெல், டோடோயன்ஸ், பிளாண்டின் என்ற மூன்று புதிய வகைகள் வந்தன. இவற்றின் உடலில் ஓடியது காஷ்மீரத்து இமயமலைச் சரிவுகளில் வளரும் எல்மின் குருதி. ஐரோப்பிய மரத்தின் உயிரைக் காக்க இமயத்தின் தூரத்து உறவைத் தேடிப் பெண்ணெடுக்க நேர்ந்தது எனலாம்.

சவுக்கின் கதையிலும் இதே தூரத்து உறவு உண்டு. அது இருந்தது ஜாவாவில். எல்ம் நோயைக் கண்டறிந்த பியா ஷ்வார்ட்ஸும் பின்னர் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கே பணியாற்றச் சென்றார் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. எனினும் அவர் அங்கே ஆராய்ந்தது சவுக்கை அன்று.

இந்தோனேசியர்கள் சவுக்கை இரண்டாகப் பிரித்துச் சொல்வர். கடற்கரையில் வளர்வது செமாரா லாவுத், கடற்சவுக்கு. எரிமலைச் சரிவுகளில் வளர்வது செமாரா குனுங், மலைச்சவுக்கு. நம் கரைக்கு வந்தது முன்னது. பின்னதற்குத் தாவரவியலார் வைத்த பெயர் காசுவரினா ஜுங்குனியானா. ஜாவாவின் எரிமலைகளையெல்லாம் ஏறி அளந்து, நான்கு பெருந்தொகுதிகளில் அத்தீவைப் பற்றி எழுதி, 1864இல் அங்கேயே மறைந்த ஃபிரான்ஸ் யுங்ஹூன் என்னும் ஜெர்மானியரின் நினைவாக அமைந்த பெயர் அது. கிழக்கு ஜாவா, பாலி, லொம்போக், திமோர் முதலிய தீவுகளில் காட்டுத்தீ எரித்த சரிவுகளை முதலில் மீட்பது இந்த மலைச்சவுக்கே. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் கடற்சவுக்கோ வெட்டினால் பெரும்பாலும் முடிந்தது. வறட்சியைத் தாங்கும்; களிமண்ணையும் பொறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டைக் கொப்புள நோய் அதை அண்டுவதில்லை.

இவ்விரண்டையும் மணமுடித்து வைக்க எந்த விஞ்ஞானியும் முதலில் முயலவில்லை. அது தானாக நிகழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்துக்கு ஒரு சவுக்கு கொண்டுசெல்லப்பட்டது. சோன் பிரதிபத் என்று, கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பிரபுவின் பட்டப்பெயரால் தாய்லாந்து மக்கள் அதை அழைத்தனர். நேராக, கூம்பு வடிவில், வேகமாக வளர்ந்த அம்மரம் அத்தனை பேருக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை: அத்தனையும் ஆண்மரங்கள். பெண்பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. கிளையை ஒடித்து வேர்விடச் செய்து நடுவதொன்றே வழி. அப்படியே இலட்சக்கணக்கில் நட்டார்கள். நெடுங்காலம் அதைத் தூய மலைச்சவுக்கு என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். பின்னர்தான், அது மலைச்சவுக்கும் கடற்சவுக்கும் கலந்து பிறந்த கலப்பினம் என்பது தெளிந்தது. யாரும் பார்க்காத ஏதோ ஒரு கணத்தில் காற்று சுமந்துவந்த மகரந்தம் செய்த வேலை.

1950களின் தொடக்கத்தில் அந்த ஆண்மரம் தாய்லாந்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது. வனத்துறையினர் நட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே வளர்ந்தது. இந்திய வனவியல் இதழில் 1953லேயே அதைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. அதோடு சரி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது ஆய்வுப் பண்ணைகளிலும் சில தோட்டங்களிலும் காட்சிப்பொருள்போல நின்றது. நோயைத் தாங்கக்கூடிய மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கரையோர உழவரை அது சென்றடையவில்லை.

இதற்கு உழவரைக் குறைசொல்ல நாம் ஒருப்படமாட்டோம். நாட்டுச் சவுக்கின் நாற்றங்காலைக் கண்டவர்களுக்கு அதன் சிக்கனம் புரியும். மணலைக் கூட்டி மேட்டுப்பாத்தி அமைத்து, விதையைத் தூவி, எறும்பு இழுத்துப் போகாமல் காவல் காத்து, முளைத்ததைப் பிடுங்கி இரண்டாம் பாத்தியில் நட்டு, பிறகு வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக விற்பார்கள். பாத்தி பக்கத்து ஊரில், விதை சொந்த மரத்தில். ஒவ்வொரு கன்றையும் கிளைத்துண்டாக வெட்டி, வேரூக்கி மருந்தில் தோய்த்து, ஈரக்காற்றுக் கூடாரத்தில் மூன்று வாரம் பேணி வளர்க்கும் வேலைக்கு அன்று யாரிடம் முதல் இருந்தது? நான்கு ஆண்டுகளில் அடுப்புக்குப் போகப்போகும் மரத்துக்கு அவ்வளவு செலவு செய்வதை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்பமாட்டான். எல்ம் மரத்துக்கு நோய் வந்தபோது நகராட்சிகளும் பல்கலைக்கழகங்களும் பதறின. அதன் நிழலில் நடந்தவர்கள் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள். சவுக்கின் நிழலில் சருகு பொறுக்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மரத்தின் நோய் எவ்வளவு விரைவில் அறிவியலின் கண்ணில் படுகிறது என்பது மரத்தைப் பொறுத்ததன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

நிலைமையை மாற்றியது காகிதம். சமையல் எரிவாயு வந்து விறகுத் தொட்டிகளை மூடிய காலத்தில் சவுக்கின் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஈரோட்டுச் சேஷசாயி காகித ஆலையும், கரும்புச் சக்கையிலிருந்து அச்சுத்தாள் செய்வதற்காக 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் மரக்கூழுக்காகச் சவுக்கை நாடின. அடுப்புக்குப் போன கட்டை ஆலைக்குப் போயிற்று. எடைக்கு விலை என்றானதும் ஒரு ஏக்கரில் எத்தனை டன் என்ற கேள்வி வந்தது. டன் கணக்கு வந்ததும் நோயில் போகும் டன்னும் கணக்கில் ஏறியது.

1988இல் கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்த ஆய்வாளர்கள் சவுக்கை எடுத்துக்கொண்டபோது முதலில் உணர்ந்தது, இந்தியச் சவுக்கின் குடும்பம் மிகச் சிறியது என்பதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் வந்த சொற்ப விதைகளின் வழித்தோன்றல்களே கோடிக்கணக்கில் பெருகி நிற்கின்றன என்று மரபியலார் கருதினர். எனவே 1990களில் ஆஸ்திரேலிய மர விதை மையத்தின் துணையோடு பல நாடுகளிலிருந்து கடற்சவுக்கு விதைகளும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மலைச்சவுக்கு விதைகளும் தருவிக்கப்பட்டன. இம்முறை ஆண் மட்டுமன்று, பெண்ணும் வந்தது. தாய்லாந்தில் காற்று செய்ததை இங்கே மனிதர்கள் கையால் செய்தனர். கடற்சவுக்கின் பெண்பூ செந்நிறக் குஞ்சம்போல் கிளையோரத்தில் சிறிதாக இருக்கும். அயல் மகரந்தம் படாதபடி அதற்கு உறை கட்டி, தேர்ந்தெடுத்த மலைச்சவுக்கின் மகரந்தத்தை உள்ளே தூவி, காய் முற்றும்வரை காத்திருந்து, விதையெடுத்து, முளைத்தவற்றைப் பல இடங்களில் நட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்து, மேலானவற்றை மட்டும் மீண்டும் கிளைத்துண்டுகளால் பெருக்கினர். அவ்வாறு வெளிவந்த கலப்பின வகைகளுக்கு சி.ஹெச். 1, சி.ஹெச். 2, சி.ஹெச். 5 என்று பெயர். ஒரு பௌஸ்மன், ஒரு ஷ்வார்ட்ஸ் என்று அன்போடு பெயரிட்ட டச்சுக்காரர்களின் பக்கத்தில் வைத்தால் இவை கோப்பு எண்களாகவே ஒலிக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி தந்த வகைகளுக்கும் ஊரின் பெயரைச் சுருக்கி எம்.டி.பி. என்றே பெயர். தமிழில் மரத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்களா நாம்? உழவர்கள் இவற்றைப் பொதுவாகக் ‘குளோன் சவுக்கு’ என்றும், பழையதை ‘நாட்டுச் சவுக்கு’ என்றும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த மரம் இன்று நாட்டு மரமாகிவிட்டது.

கலப்பினம் நேராக வளர்கிறது, கிளை குறைவு, விரைவில் வெட்டத் தகுதியாகிறது, பட்டைக் கொப்புள நோய்க்கு ஈடுகொடுக்கிறது. இவை அனைத்தும் உண்மை. ஆயினும் குளோன் என்பதன் பொருளை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் நாலாயிரம் மரம் நின்றாலும் அது ஒரே மரம். ஒரே உடல் நாலாயிரம் இடத்தில் நிற்கிறது. ஒன்றைக் கொல்லக் கற்ற நோய் அத்தனையையும் கொல்லக் கற்றுவிட்டது என்பதே பொருள்.

இது கற்பனையான அச்சமன்று. சீனத்தின் தென்கரையில் மணல்மேடுகளைக் கட்டுப்படுத்தவும் சூறாவளியைத் தடுக்கவும் 1950களிலிருந்து கடற்சவுக்கு அணிவகுப்பாக நடப்பட்டது. 1964இல் குவாங்டுங் மாகாணத்தில் அம்மரங்கள் வாடி விழத் தொடங்கின. காரணம் ஒரு பாக்டீரியா. நம் தோட்டங்களில் தக்காளியையும் கத்தரியையும் வாட்டுவதும் அதன் இனமே. நோயைத் தாங்கும் ஒருசில மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கிளைத்துண்டுகளைக் கொண்டு கரை முழுவதையும் மறுபடி நிரப்பினார்கள். நோய் பின்வாங்கியது. பின்னர், முன்பு தாங்கிய அதே வகைகளும் தளர்வதைக் கண்டு, மறுபடி வெளியிலிருந்து புதிய விதைகளைத் தேடவேண்டியதாயிற்று. காமெலின் எல்முக்கு நேர்ந்ததும் இதுவே. குறை கலப்பினத்தில் இல்லை. வென்ற ஒன்றையே எங்கும் நட்டுவிடும் நம் அவசரத்தில் இருக்கிறது.

எனவேதான் வகைகளைக் கலந்து பல துண்டுகளாக நடும்படி வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆனால் சந்தை ஒன்றையே கேட்கும். நாற்றுப்பண்ணை அதிகம் விற்பதையே பெருக்கும். உழவர் பக்கத்து வயலில் நன்றாக வந்ததையே வாங்குவார். இவர்கள் ஒவ்வொருவரும் தம்மளவில் செய்வது சரியே. மொத்தத்தில் கரை ஒருமுகமாகிறது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் புதிதாகச் சவுக்கு அரண்கள் எழுப்பப்பட்டன. 2011இல் தானே புயல் கடலூர்ப் பகுதியின் தோப்புகளை முறித்தது. 2016இல் வர்தா புயல் சென்னைக்கு வடக்கேயும் மரங்களைச் சாய்த்தது. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் மறுநடவு வருகிறது. ஒவ்வொரு மறுநடவும், எதை நடுவது என்ற கேள்வியை மறுபடி எழுப்புகிறது.

மணலில் பாத்தி கட்டி விதை தூவும் பழைய முறை சோழமண்டலக் கரையில் இன்னும் அற்றுப்போகவில்லை. அந்த விதையைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஓரத்தில் மெல்லிய சிறகோடு, ஊதினால் பறந்துவிடும். ஒரு கிலோவில் ஆறேழு இலட்சம் விதைகள் இருக்கும். பாதிக்கு மேல் முளைப்பதில்லை. முளைத்ததில் எறும்புக்குப் போனது போக மிஞ்சுவனவற்றில் ஒன்று கோணலாக வளரும், ஒன்று குட்டையாக நிற்கும், ஒன்று மூன்றாம் ஆண்டில் பட்டை வெடித்துக் கறுக்கும், அதன் பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றின் பட்டையில் ஒரு புள்ளியும் விழுவதில்லை. கோவையின் ஆய்வாளர்கள் கடற்சவுக்கில் தாய்மரம் தேடியபோது பார்த்தது இத்தகைய தோப்புகளைத்தான்.